மல்லிகை மணத்தைச் சீனிக்குள் பிடிக்க முடியுமா?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் உள்ள பூக்கடைகளைக் காலை பத்து மணிக்குக் கடந்து பாருங்கள். அதே கடைகளை இரவு எட்டு மணிக்கு மறுபடி கடந்து பாருங்கள். காலையில் கடைக்கு முன்னால் வந்து நின்றால்தான் மல்லிகை மணக்கும். இரவில் நாலு கடை தள்ளி நடக்கும்போதே மூக்கைத் தொட்டுவிடும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் இதே கதைதான். கூடையில் இருப்பது அதே பூ. அப்படியானால் மணம் மட்டும் ஏன் கூடுகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் இன்னொரு வேலையும் செய்யலாம். அந்த மணத்தைச் சீனியில் ஏற்றி, தேநீரிலும் பாயசத்திலும் போட்டுக்கொள்ளலாம். ஐரோப்பியர் வெனிலா காயைச் சீனிப் புட்டிக்குள் புதைத்து வைப்பார்கள். சீனர்கள் ஓஸ்மாந்தஸ் என்ற சின்ன மஞ்சள் பூவைச் சீனியில் ஊற வைப்பார்கள். நம்மவர்களுக்கு ரோஜாவும் சீனியும் சேர்ந்த குல்கந்து பழக்கமானது. மல்லிகைச் சீனி இவற்றின் தங்கை. செய்வது சுலபம் என்று தோன்றும். ஆனால் நம் ஊர் காற்றில் அவ்வளவு சுலபமில்லை. அது ஏன் என்பதில்தான் அறிவியல் இருக்கிறது.

பறித்த பிறகும் வேலை செய்யும் பூ

கடையில் குவித்து வைத்திருக்கும் மல்லிகை பெரும்பாலும் மொட்டு. தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும் மல்லிகையும் மொட்டாகத்தான் வருகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும், நம் வீட்டுத் தொட்டியில் வளரும் மலாய் மொழியின் மெலூர் பூவும் ஒரே இனம்: ஜாஸ்மினம் சம்பாக். மாலையானதும் இதன் மொட்டு விரியத் தொடங்கும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்கும் பூக்களுக்கு வெள்ளை நிறமும் இரவு மணமும்தான் விளம்பரப் பலகை. அதனால் மல்லிகை தன் மணத்தைப் பகலில் உற்பத்தி செய்து சேமித்து வைப்பதில்லை. விரியும் நேரத்தில்தான் இதழின் செல்கள் மணப் பொருள்களைத் தயாரித்துக் காற்றில் விடுகின்றன.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. செடியிலிருந்து பறித்துவிட்டாலும் இந்த வேலை நிற்பதில்லை. மொட்டிடம் கொஞ்சம் சர்க்கரையும் தண்ணீரும் இருக்கும்வரை அது விரிகிறது, மணக்கிறது. ரோஜா இந்த விஷயத்தில் சோம்பேறி. பறித்ததும் அதன் மணம் குறைந்துகொண்டே போகும். பிரான்சின் கிராஸ் நகர வாசனைத் தொழிலாளர்கள் இந்த வேறுபாட்டை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ரோஜாவைக் கொதிக்க வைத்து வடித்தெடுத்தார்கள். மல்லிகையையும் சம்பங்கியையும் சூடு காட்டாமல், கண்ணாடித் தட்டில் பூசிய கொழுப்பின்மேல் பரப்பி வைத்தார்கள். பூ இரவெல்லாம் மணத்தை விட, கொழுப்பு அதைக் குடித்துக்கொள்ளும். அடுத்த நாள் வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதிய பூ. இப்படிப் பல வாரம். இந்தியாவின் ஜௌன்பூர் பக்கம் இதையே இன்னும் எளிமையாகச் செய்தார்கள். எள்ளும் மல்லிகையும் அடுக்கடுக்காக வைத்து, எள் மணத்தை வாங்கிய பிறகு அந்த எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள்.

நமக்கு மிகவும் நெருங்கிய உதாரணம் சீனாவின் புசோவ் நகரத்து மல்லிகைத் தேயிலை. பகலில் பறித்த மொட்டு, மாலையில் தொழிற்சாலைக்கு வரும். இரவு விரியத் தொடங்கியதும் தேயிலையோடு கலப்பார்கள். விடிந்ததும் பூவைச் சலித்து எடுத்துவிட்டு, தேயிலையைச் சூட்டில் உலர்த்துவார்கள். நல்ல தரமான தேயிலைக்கு இதே வேலை ஆறு ஏழு முறை நடக்கும். புசோவின் இந்த மல்லிகை, தேயிலைப் பண்பாட்டை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2014இல் உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. 'விடிந்ததும் பூவை எடுத்துவிட்டு உலர்த்துவார்கள்' என்ற வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் சீனிக்கும் அதுதான் உயிர்.

அந்த மணத்தில் என்னதான் இருக்கிறது? லினலூல், பென்சைல் அசிடேட், ஃபார்னசீன், மெத்தில் ஆந்த்ரனிலேட் என்று பல சேர்மங்கள். கூடவே கொஞ்சம் இண்டோல். இந்த இண்டோல் ஒரு வேடிக்கையான பேர்வழி. மிகக் குறைந்த அளவில் இருந்தால் பூமணம். கூடிவிட்டால் பாச்சை உருண்டை வாடை, அதற்கும் மேலே போனால் கழிவறை வாடை. நேற்றுச் சூடிய பூச்சரத்தை மறந்துபோய் மேசைமேல் வைத்துவிட்டு மறுநாள் முகர்ந்தவர்களுக்கு இது புரியும். ஆகவே பழுப்பேறிய பூவைச் சீனியில் விட்டுவைத்தால் மணம் கூடாது, கெடும்.

பக்கவாட்டில் ஒரு செய்தி. மல்லிகை எண்ணெயிலிருந்து 1962இல் மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அப்போது அது வெறும் வாசனைப் பொருள். 1990இல் ஃபார்மர், ரயன் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு செடி காற்றில் விடும் இந்தப் பொருளே பக்கத்திலிருக்கும் தக்காளிச் செடியின் இலைகளில் பூச்சிகளுக்கு எதிரான புரதத்தை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். வாசனைப் புட்டிக்குள் இருந்த பொருள், தாவரங்களின் எச்சரிக்கை மணியாக மாறிவிட்டது.

சீனி மணத்தை எங்கே வைத்துக்கொள்கிறது?

சீனி என்பது சுக்ரோஸ். 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. அதன் உடம்பெங்கும் எட்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் கைநீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவை தண்ணீரோடு கைகோக்கத் துடிப்பவை. மல்லிகையின் மணப் பொருள்களோ பெரும்பாலும் எண்ணெய் குணம் கொண்டவை. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆக, நேர்மையாகச் சொன்னால் மணத்தைப் பிடிக்கும் போட்டியில் சீனி கொழுப்பிடம் தோற்றுவிடும். கிராஸ் தொழிலாளர்கள் சீனியை விட்டுக் கொழுப்பைப் பிடித்ததற்கு இதுதான் காரணம்.

ஆனாலும் சீனி முழுவதும் கைவிடுவதில்லை. படிகத்தின் உள்ளே அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் மணம் உள்ளே போக முடியாது. மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பரப்பொட்டல் என்று பெயர். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஈரப்படலம் ஒன்றும் இருக்கும். அதிலும் கொஞ்சம் தங்கும்.

மேற்பரப்புதான் இடம் என்றால், மேற்பரப்பைக் கூட்டுவதுதானே புத்திசாலித்தனம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரப் படிகம் ஒன்றின் மேற்பரப்பு 6 சதுர மில்லிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டரில் இப்படி 1,000 படிகங்கள் அடங்கும். மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மில்லிமீட்டர், அதாவது 60 சதுர சென்டிமீட்டர். இப்போது பக்கத்தை 0.1 மில்லிமீட்டராகக் குறையுங்கள். படிகங்களின் எண்ணிக்கை பத்து லட்சம். ஒவ்வொன்றின் மேற்பரப்பு 0.06 சதுர மில்லிமீட்டர். மொத்தம் 600 சதுர சென்டிமீட்டர். அதே அளவு சீனி, பத்து மடங்கு இடம்! எனவே பருத்த சீனியைவிட நைசான சீனி நல்லது. கேக் செய்ய வாங்கும் காஸ்டர் சீனி பொருத்தமாக இருக்கும். சாதாரணச் சீனியை அரைவைப் பாத்திரத்தில் இரண்டு சுற்று விட்டாலும் சரி.

பழுப்புச் சீனியும் வெல்லமும் வேண்டாம். அவற்றுக்குச் சொந்த மணம் உண்டு. மல்லிகை அதில் அமுங்கிப்போகும். ஈரத்தையும் கூடுதலாக இழுக்கும்.

மூடி ஏன் வேண்டும் என்பதையும் பார்த்துவிடுவோம். திறந்த கிண்ணத்தில் பூ விடும் மணம் அறையெங்கும் பரவிப் போய்விடும். மூடிய புட்டிக்குள் மணப் பொருளின் ஆவி அடர்த்தி கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சீனியில் ஒட்டும் மூலக்கூறுகளும் சீனியிலிருந்து விடுபடும் மூலக்கூறுகளும் சமமாகிவிடும். நீங்கள் வேதியியலில் படிக்கும் இயங்குச் சமநிலை இதுதான். புட்டியை முக்கால் பங்கு நிரப்பினால் மேலே காலியிடம் குறையும். மணம் காற்றில் வீணாகாமல் சீனியில் சேரும்.

எதிரி தண்ணீர்

மல்லிகையின் எடையில் பெரும்பங்கு தண்ணீர். பூ மணத்தை மட்டும் விடுவதில்லை, நீராவியையும் விடுகிறது. லினலூல் மூலக்கூறின் நிறை 154. தண்ணீர் மூலக்கூறின் நிறை 18தான். லேசானது வேகமாகப் பரவும். நீங்கள் மணத்துக்காகக் காத்திருக்கும்போது தண்ணீர் முந்திக்கொண்டு சீனிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

சீனிப் படிகத்துக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. நம் ஊர் வெப்பநிலையில், சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 85 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் சீனி உலர்ந்தே இருக்கும். அதைத் தாண்டினால் காற்றிலிருக்கும் நீராவியைத் தானே இழுத்து, அதிலேயே கரையத் தொடங்கும். உப்புக்கு இந்த எல்லை 75 விழுக்காடு. உப்பு ஜாடி சீனி ஜாடிக்கு முன்பே நசநசத்துப் போவதன் காரணம் புரிகிறதா?

இப்போது நம் வானிலையை இதோடு சேர்த்துப் பாருங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் மதிய வெயிலில் ஈரப்பதம் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். இரவிலும் விடியற்காலையிலும் 90ஐத் தாண்டிவிடும். அதாவது மல்லிகை விரியும் அதே நேரத்தில்தான் சீனிக்கு ஆபத்தான நேரமும். வறண்ட ஊர்க்காரர்கள் எழுதிய செய்முறையில் 'இரண்டு வாரம் பூவோடு அப்படியே வையுங்கள்' என்று இருக்கும். இங்கே அதை அப்படியே செய்தால் கிடைப்பது மல்லிகைச் சீனி அல்ல, மல்லிகைப் பாகு.

எவ்வளவு தண்ணீர் வந்தால் கெடும்? 1 கிராம் தண்ணீர் சுமார் 2 கிராம் சீனியைக் கரைக்கும். 200 கிராம் சீனியில் 20 கிராம் பூவைப் புதைத்து, பூ தன் எடையில் பாதியைத் தண்ணீராக இழந்தால் அது 10 கிராம். அதில் 20 கிராம் சீனி கரையும். பத்தில் ஒரு பங்கு பாகாகி, மிச்சம் கட்டிக்கொள்ளும். பூவைச் சீனிக்குள் நேராகப் புதைத்தால் இன்னொன்றும் நடக்கும். இதழின் மேலிருக்கும் அடர்ந்த சீனிக் கரைசல், செல்களுக்குள் இருக்கும் தண்ணீரைச் சவ்வூடு பரவல் மூலம் வெளியே இழுக்கும். படிவம் நான்கு உயிரியலில் வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்துச் செல் சுருங்குவதை வரைகிறீர்களே, அதேதான். செல் சுருங்கிய பூ விரியாது. விரியாத பூ மணம் தயாரிக்காது. பாகும் கிடைக்காது, மணமும் கிடைக்காது என்றாகிவிடும்.

ஈரமான சீனி கெட்டுப்போகுமா என்று கேட்கலாம். சீனிதான் கெடாத பொருளாயிற்றே? உலர்ந்த சீனி கெடாது. அடர்ந்த பாகிலும் பெரும்பாலான பாக்டீரியாக்களால் வளர முடியாது, அவற்றுக்கு வேண்டிய தண்ணீரைச் சீனி பிடித்து வைத்திருக்கும். ஆனால் சில பூஞ்சணங்களும் ஈஸ்ட்டுகளும் அதைவிட வறட்சியான இடத்தில்கூட வாழப் பழகியவை. பூவின்மேல் அவை இயல்பாகவே இருக்கும். ஜாமின் மேல் வெள்ளையாகப் படரும் பூஞ்சணத்தைப் பார்த்திருப்பீர்கள்.

முதலில் பூவைத் தெரிந்துகொள்ளுங்கள்

செய்முறைக்குப் போவதற்கு முன் நிறுத்திச் சொல்ல வேண்டியது இது. பூக்கடைப் பூவைச் சாப்பாட்டில் சேர்க்காதீர்கள். கடைக்காரர்மேல் குற்றமில்லை, அந்தப் பூ சாமிக்கும் தலைக்கும் விளைவிக்கப்பட்டது. காய்கறிக்குப் பூச்சிமருந்து அடித்தால், அறுவடைக்கு முன் இத்தனை நாள் விட வேண்டும் என்று கணக்குண்டு. தினமும் மொட்டுப் பறிக்கும் பூந்தோட்டத்தில் சாப்பிடுகிறவரை நினைத்து அப்படிக் காத்திருக்க வேண்டிய தேவை விவசாயிக்கு இல்லை. சில பூக்களுக்குச் சாயமும் மினுமினுப்பும்கூடப் பூசுகிறார்கள். மல்லிகையைக் கழுவி எடுக்கலாமே என்றால், கழுவினால் மணமும் போகும், இதழில் தண்ணீரும் ஏறும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, பூவை மாற்றி எடுப்பது. மாலைக் கூடையில் மல்லிகைக்குப் பக்கத்திலேயே அரளி இருக்கும். அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு; அதிலுள்ள ஒலியாண்ட்ரின் இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கும். காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. மஞ்சள் அரளியும் அப்படியே. வீட்டு வேலியோரம் வெள்ளையாகப் பூக்கும் நந்தியாவட்டையைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் மல்லிகை என்று நினைக்க வாய்ப்புண்டு. அதையும் கம்போஜா எனப்படும் கள்ளிமந்தாரையையும் வாயருகே கொண்டு போகாதீர்கள். ஒரு எளிய அடையாளம்: அரளி, நந்தியாவட்டை, கள்ளிமந்தாரை மூன்றும் ஒரே குடும்பம், காம்பைக் கிள்ளினால் பால் அல்லது பால்போன்ற சாறு கசியும். மல்லிகைக் காம்பில் பால் வராது. இந்த அடையாளம் மட்டும் போதாது. செடியை நன்றாக அறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டிய பிறகே பறியுங்கள். கிள்ளிப் பார்த்தால் கையைக் கழுவிவிடுங்கள்.

ஆகவே வேண்டியது உங்கள் வீட்டுச் செடி, அல்லது மருந்தடிக்காத பக்கத்து வீட்டுச் செடி. அடுக்குமாடி வீட்டின் மாடத்தில் நல்ல வெயில் படும் இடமிருந்தால் ஒரு தொட்டி மல்லிகை போதும். நாற்றுப்பண்ணையிலிருந்து புதிதாக வாங்கி வந்த செடியில் ஏற்கெனவே மருந்து அடித்திருக்கலாம், அதன் முதல் பூக்களைத் தலைக்கு வையுங்கள். மகரந்த ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் வீட்டில் இந்தச் சோதனை வேண்டாம்.

செய்து பார்ப்போம்

200 கிராம் நைசான சீனி, முற்றிலும் உலர்ந்த கண்ணாடிப் புட்டி, பழைய வேட்டித் துணி போன்ற மெல்லிய சுத்தமான துணி, சமையலறைத் தராசு. பூ 10 கிராம், அதாவது சிறு கைப்பிடி. மழை பெய்த நாளில் பறிக்காதீர்கள். மாலை ஐந்து மணி வாக்கில், மறுநாள் காலை விரிந்திருக்கும் என்று தோன்றுகிற பருத்த வெள்ளை மொட்டுகளாகப் பார்த்துப் பறியுங்கள். பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, தட்டில் பரப்பி வையுங்கள். எறும்பு இருந்தால் இறங்கிப் போகட்டும்.

மொட்டு வாய் திறக்கத் தொடங்கும்போது, ஏறக்குறைய எட்டு ஒன்பது மணிக்கு, சீனியைப் புட்டியில் கொட்டி எடை குறித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் துணியை விரித்து, துணிமேல் பூவைப் பரப்பி, மூடுங்கள். பூ சீனியைத் தொடக் கூடாது. மணம் காற்று வழியாகவே கீழே இறங்கும்.

காலை எழுந்ததும் துணியோடு பூவைத் தூக்கிவிடுங்கள். பள்ளிக்குப் போகும் அவசரத்தில் மறந்துவிடாதீர்கள். மாலை வரை விட்டால் பழுப்பேறிய பூவின் வாடையைச் சீனி வாங்கிக்கொள்ளும். சீனியை மறுபடி எடை பாருங்கள். கூடியிருக்கும் எடையில் மணத்தின் பங்கு தராசுக்கே தெரியாத அளவு சிறியது. தராசு காட்டுவது கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீர். 2 கிராம் கூடியிருந்தால் 4 கிராம் சீனி கரைந்து நிற்கக்கூடும்.

இனி உலர்த்தல். அடுப்பிலோ சூளையிலோ வைத்தால் தண்ணீரோடு மணமும் ஓடிவிடும். வெயிலும் அப்படித்தான், எறும்புக்கு விருந்து வேறு. குளிர்சாதன அறைதான் நம் ஊரின் சிறந்த உலர்த்தும் கருவி. குளிர்சாதனப் பெட்டியின் குழாயிலிருந்து வெளியே சொட்டும் தண்ணீர் எல்லாம் அறைக் காற்றில் இருந்த ஈரம். அந்த அறையில், தட்டில் காகிதம் விரித்துச் சீனியைப் பரப்பி ஒரு மணி நேரம் வையுங்கள். எடை பழைய 200 கிராமுக்கு அருகில் வந்தால் போதும். அறையில் குளிர்சாதனம் இல்லையென்றால், பிற்பகல் இரண்டு மணிக்கு மின்விசிறிக்குக் கீழே வைக்கலாம். ஈரப்பதம் மிகவும் குறைவாக இருக்கும் நேரம் அதுதான்.

அன்று மாலை புதிய பூ. மூன்று இரவு செய்தால் மணம் தெளிவாகத் தெரியும். ஒரே நாளில் 30 கிராம் பூவைப் போட்டு வேலையை முடித்துவிடலாமே என்று தோன்றும். தண்ணீரும் ஒரே நேரத்தில் மூன்று மடங்கு வரும். புசோவ் தொழிலாளர்கள் ஏழு முறை கலந்து ஏழு முறை உலர்த்துவது பொழுது போகாமல் அல்ல.

ரோஜாவும் சங்குப்பூவும்

பன்னீர் ரோஜாவுக்கு இந்தத் துணி முறை அவ்வளவாகப் பலன் தராது; பறித்தபின் அது புதிதாக மணம் தயாரிப்பதில்லை என்று பார்த்தோம். இருப்பதை இதழிலிருந்து பிழிந்துதான் எடுக்க வேண்டும். குல்கந்து செய்வோர் அதைத்தான் செய்கிறார்கள். இதழும் சீனியும் மாறி மாறி அடுக்கி, எந்தச் சவ்வூடு பரவல் நமக்கு எதிரியாக இருந்ததோ அதையே வேலைக்காரனாக்கிக்கொள்கிறார்கள். இதழின் சாறு வெளியே வந்து பாகாகும். ரோஜாவின் மணத்தில் முக்கியமான பினைல் எத்தில் ஆல்கஹால் தண்ணீரோடு ஓரளவு நன்றாகச் சேரக்கூடியது. திருமண வீட்டில் தெளிக்கும் பன்னீர் மணப்பதும் அதனால்தான். வட இந்திய வெயிலில் புட்டியை வெளியே வைத்துப் பக்குவப்படுத்துவார்கள். இங்கே குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது. பெயரையும் கவனியுங்கள். பாரசீகத்தில் 'குல்' என்றால் ரோஜா, 'கந்த்' என்றால் சீனி. கற்கண்டில் வரும் 'கண்டு', ஆங்கிலத்தின் கேண்டி எல்லாம் அந்தக் 'கந்த்' உடைய உறவினர்கள்.

சங்குப்பூவுக்கு மணமே கிடையாது என்று சொல்லலாம். நிறம் மட்டும்தான். கிளந்தானின் நாசி கெராபு சோற்றுக்கும், நியோன்யா சமையலின் நீலப் புலுட்டுக்கும் நிறம் தருவது இதுதான். இதழை நன்றாகக் காயவைத்து, சீனியோடு சேர்த்து அரைத்தால் நீலச் சீனி. இதிலுள்ள டெர்னாட்டின் என்ற ஆந்தோசயனின் வகை நிறமி, அமிலத்தில் நிறம் மாறும். நீலச் சீனியைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்தால் ஊதா, இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சியில் இதைச் செய்யாத ஆண்டு இருக்காது என்பதால் இதோடு விட்டுவிடுகிறேன்.

மணம் இருந்தால் சீனி குறையுமா?

பூ சேர்ந்ததால் சீனி மருந்தாகிவிடாது. மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவு நோயாளி என்று 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. சேர்க்கப்படும் சீனி நாளுக்கு 25 கிராம் அளவோடு நின்றால் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் யோசனை. உணவுக்கடையில் வாங்கும் ஒரு கோப்பை தே தாரிக்கே அதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் இங்கே சுவையான ஒரு கேள்வி இருக்கிறது. நாக்கு உணரும் இனிப்பை மூக்கு கூட்ட முடியுமா? 1988இல் ஃபிராங்க், பைராம் என்ற ஆய்வாளர்கள், அடித்த பாலேட்டில் ஸ்ட்ராபெரி மணம் சேர்த்தபோது சாப்பிட்டவர்கள் கூடுதல் இனிப்பாக உணர்ந்ததைக் கண்டார்கள். நிலக்கடலை வெண்ணெய் மணம் சேர்த்தபோது அப்படி நடக்கவில்லை. வாயில் மென்று விழுங்கும்போது மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. மூளை அதைச் சுவையோடு கலந்து கணக்கிடுகிறது. எந்த மணத்தை இனிப்போடு சேர்த்துச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோமோ, அந்த மணம் இனிப்பைக் கூட்டுகிறது.

மல்லிகைக்கு இது பொருந்துமா? தாய்லாந்துப் பிள்ளைகளுக்கு மல்லிகை மணமேற்றிய தண்ணீரும் அதில் செய்த இனிப்பும் பழக்கம். நமக்கு மல்லிகை என்றால் அம்மாவின் கூந்தல், கோயில் மண்டபம், கல்யாண வீடு. இனிப்பு நினைவுக்கு வருமா என்பது சந்தேகமே. ரோஜா என்றால் சிராப் பண்டோங் நினைவுக்கு வரும். அது நிச்சயம் இனிப்பு. ஆகவே நம் வீடுகளில் ரோஜாச் சீனி மல்லிகைச் சீனியை ஜெயிக்கும் என்பது என் ஊகம். ஊகத்தைச் சோதிப்பது உங்கள் வேலை.

முதலில் மணம் ஏறியிருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். மூன்று கோப்பை வெதுவெதுப்பான தண்ணீர். இரண்டில் சாதாரணச் சீனி, ஒன்றில் மல்லிகைச் சீனி, அளவு ஒன்றே. எது வேறு என்று கேளுங்கள். எந்தக் கோப்பையில் என்ன என்பது கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது. கலக்கியவர் வேறொருவராக இருக்கட்டும். குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். எட்டுப் பேரில் ஐந்து பேர் சரியாகச் சொன்னார்கள் என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். வெறும் அதிர்ஷ்டத்தால் ஐந்தோ அதற்கு மேலோ வர 9 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆறு பேர் என்றால் அந்த வாய்ப்பு 2 விழுக்காடாக இறங்கிவிடும். அப்போது நம்பலாம்.

அடுத்து இனிப்பு. ஒரு கோப்பைத் தேநீரில் 8 கிராம் சாதாரணச் சீனி. இன்னொன்றில் 6 கிராம் மணச் சீனி. எது அதிக இனிப்பு? இத்தோடு நிறுத்தினால் சோதனை அரைகுறை. 8 கிராமுக்கும் 6 கிராமுக்கும் உள்ள வேறுபாட்டை மணமில்லாத சீனியிலேயே இவர்களால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க முடிந்தவர்கள், மணச் சீனியில் மட்டும் குழம்பினால்தான் மணம் வேலை செய்திருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்கவே முடியாதவர்கள் இருந்தால் அது இன்னும் நல்ல செய்தி: மல்லிகை இல்லாமலேயே கோப்பைக்கு 2 கிராம் குறைத்துவிடலாம். நாளுக்கு மூன்று கோப்பை குடிப்பவருக்கு அது ஆண்டுக்கு 2 கிலோ சீனிக்கும் மேல்.

மிஞ்சும் சீனியைக் கண்ணாடிப் புட்டியிலேயே வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா எண்ணெய் குணமுள்ள மணத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். கறிக்குழம்பு வைத்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாததை நினைத்துப் பாருங்கள். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மணம் போகும், ஆகவே சிறு புட்டிகளாகப் பிரித்து வைப்பது நல்லது. செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள்; முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் பயன்படுத்தினால்தான் பூவின் மணம் இருக்கும், பிறகு அது வெறும் சீனி. கட்டி தட்டியிருந்தால் கரண்டியால் உடைத்துக்கொள்ளலாம். புளித்த வாடை, ஓரத்தில் நுரை, பஞ்சுபோல் ஏதாவது படர்ந்திருப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் புட்டியோடு கொட்டிவிட்டு, அடுத்த மாலை புதிய மொட்டோடு தொடங்குங்கள்.